தமிழ் அர்த்தத்தோட ரைமிங் வேர்ட்ஸ் புக்கு: முதல் பாதிக்கு காசு குடுக்கலாம், ரெண்டாம் பாதிக்கு கையில பேனா வேணும்

ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து மூணாங் கிளாஸ் வரைக்கும் பிள்ளை இருக்கிற வீட்ல எல்லாம் இந்த ஹோம்வொர்க் அடிக்கடி வரும், மேல 'ரைட் தி ரைமிங் வேர்ட்ஸ்'னு ஒரு லைன் (கடைசி சத்தம் ஒத்துப் போற வார்த்தையை எழுதுங்கிறது), கீழ பத்து வார்த்தை, பக்கத்துல ஒரு கோடு, அவ்ளோதான். முதல் அஞ்சு அம்மா அப்பாவுக்கே ஈஸியா வந்துரும், கேட்டுக்கு மேட்டு, பென்னுக்கு டென்னு. ஆறாவதுல மாட்டிக்குவாங்க. அப்புறம் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்ல வரும், "மிஸ், மந்த்துக்கு ரைமிங் என்ன மிஸ்". நான் பாளையங்கோட்டையில வீட்டு மாடில டியூஷன் எடுக்கிறேன், எல்லாம் பொடிசுங்க, அதனால இந்த மாதிரி புக்கு எது கண்ல பட்டாலும் வாங்கி புரட்டிப் பாத்துருவேன்.

இப்ப வாங்கினது ஸ்டேஷனரி கடையில கலரிங் புக்குங்க பக்கத்துல கிளிப் போட்டு தொங்கவிட்டிருப்பாங்களே, அந்த ரகம். பேரும் பப்ளிஷரும் இங்க போடல, ஏன்னா இதே சரக்கை நாலஞ்சு பேர் வேற வேற அட்டை போட்டு விக்கிறாங்க, உள்ள கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால ஒருத்தரை மட்டும் பிடிச்சு திட்டுறதுல நியாயம் இல்ல. 96 பக்கம், விலை 180 ரூபா, சென்டர் பின் அடிச்சது, பேப்பர் பரவால்ல, ஸ்கெட்ச்ல எழுதினா பின்பக்கம் ஊறல. ஒவ்வொரு பக்கத்துலயும் நாலு கட்டம் இருக்கு: இங்கிலீஷ் வார்த்தை, அதை எப்படி சொல்லணும்னு தமிழ் எழுத்துல, தமிழ் அர்த்தம், சின்னதா ஒரு படம். பின்னட்டையில ஒரு க்யூஆர் கோடு, ஸ்கேன் பண்ணா ஆடியோ.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், இதை முழுக்க தமிழ்லயே டைப் பண்றதால ஸ்பெல்லிங் சொல்லணும்னா சி-ஏ-டி கேட்னு தான் சொல்ல முடியும், நடுவுல பி வந்தா அது பந்துக்கு சொல்ற பால்ல வர்ற பி-யா பேனாவுக்கு சொல்ற பென்ல வர்ற பி-யான்னு நீங்களே இடம் பாத்து புரிஞ்சுக்கங்க. இந்த சிக்கல் புக்குலயும் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல நல்லதை சொல்லிடுவோம். முதல் 40 பக்கம் நிஜமாவே நல்லா இருக்கு. ஏ-டி, ஏ-என், இ-என், ஐ-ஜி, ஓ-டி, யு-ஜின்னு குட்டி குட்டி குடும்பமா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு எட்டு வார்த்தைக்கு மேல போகாம, எழுத்து பெருசா போட்டிருக்காங்க. யு-ஜி பக்கத்துல ஜக்னா கூஜா, மக்னா குவளை, ரக்னா விரிப்பு, ஹக்னா கட்டிப்பிடி, பக்னா பூச்சி, டக்னா இழு, இப்படி போகுது. அந்தப் பக்கத்தை விரிச்சு வச்சுட்டு முதல் எழுத்தை மட்டும் விரலால மறைச்சு மறைச்சு காட்டினேன், ரெண்டாங் கிளாஸ் பொடியன் ஒருத்தன் மூணாவது வார்த்தையிலயே "மிஸ், தலை தான் மிஸ் மாறுது, வாலு எல்லாத்துக்கும் ஒண்ணுதான்"னான். அதுக்கு மேல நான் என்னத்த சொல்லிக் குடுக்க. எழுத்துக்கூட்டி ஜே-யு-ஜின்னு மூணு தடவை முக்கிக்கிட்டிருந்த பிள்ளை, வாலைப் பிடிச்சதும் ஒரே மூச்சுல எட்டையும் வாசிக்குது.

இது சும்மா டியூஷன் அனுபவம் மட்டும் இல்ல. 1970லயே அமெரிக்காவுல வைலி, டர்ரெல்னு ரெண்டு பேர் கணக்கு போட்டு சொல்லிட்டாங்க, வெறும் 37 வாலை வச்சே சின்ன கிளாஸ்ல வர்ற கிட்டத்தட்ட 500 வார்த்தையை உண்டாக்கிரலாம்னு. அந்த 37ல பெரும்பாலும் எல்லாமே இந்தப் புக்குல வருது, பேங்க்-டேங்க், பிங்க்-சிங்க், டிரங்க்-பங்க் உட்பட. அப்புறம் 1983ல ஆக்ஸ்ஃபோர்ட்ல பிராட்லி, பிரையன்ட்னு ரெண்டு பேர் 'நேச்சர்' பத்திரிகையில எழுதினதும் இதைப் பத்தி தான், நாலஞ்சு வயசுல எந்த வார்த்தையோட சத்தம் எதோட சேரும் எது சேராதுன்னு பிரிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க பின்னாடி வாசிக்கிறதுலயும் ஸ்பெல்லிங்லயும் முந்திப் போறாங்க, அதுலயும் சத்தத்தோட பிளாஸ்டிக் எழுத்தையும் கையில குடுத்து பழக்கின பிள்ளைங்க தான் ரொம்ப நல்லா வந்தாங்கன்னு. அப்ப சத்தம் முதல்ல, எழுத்து கூடவே. இந்த புக்கு முதல் பாதியில அதைத் தான் செய்யுது, தெரிஞ்சு செய்யுதா தற்செயலா அமைஞ்சதான்னு ரெண்டாம் பாதியைப் பாத்தா உங்களுக்கே தெரிஞ்சுரும்.

அதுக்கு முன்னாடி முதல் பக்கத்துல இருக்கிற ஒரு வரி. "ரைமிங் வேர்ட்ஸ் என்றால் எதுகை மோனைச் சொற்கள்"னு போட்டிருக்கான். பேச்சுவாக்குல நாம எல்லாருமே அப்படித்தான் சொல்றோம், டி.வி.ல பட்டிமன்றத்துல யாராவது அடுக்கிப் பேசினா எதுகை மோனையா பேசுறாருப்பான்னு சொல்றோம், சரி. ஆனா பாடப் புக்குல அதைப் போட்டா பிள்ளை எங்க போய் மாட்டும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். மோனைன்னா முதல் எழுத்து ஒண்ணா வர்றது, எதுகைன்னா ரெண்டாவது எழுத்து ஒண்ணா வர்றது, அகர-பகவன் மாதிரி, ரெண்டுலயும் 'க' தான் சேருது, கடைசியைப் பாத்தா 'ர'வுக்கும் 'ன்'னுக்கும் சம்பந்தமே இல்ல. இங்கிலீஷ்காரன் அதை ரைம்னு ஒத்துக்கவே மாட்டான். அவன் ரைம்னு சொல்றதுக்குக் கிட்ட வர்றது இயைபு, அடியோட கடைசி சேர்றது, அதுவும் தொல்காப்பியத்துலயே இருக்கு, ஆனா பரீட்சைக்கு ரெண்டு மார்க்குக்கு மட்டும் படிச்சுட்டு மறந்துருவோம். நம்ம பிள்ளைங்க காது இயல்பாவே வார்த்தையோட முன்பக்கத்தைத் தான் பிடிக்கும். புதுசா சேர்ற பிள்ளைகிட்ட கேட்டுக்கு ரைமிங் சொல்லுன்னா பாதிப் பேர் கேப்னு தான் சொல்லுவாங்க, தொப்பி. முதல் ரெண்டு எழுத்து சி-ஏ ஒத்துப் போகுதில்ல, அவங்க கணக்குல அது சரி. அதனால "கடைசி சத்தத்தைக் கேளு"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தா போதும், எதுகை மோனைன்னு போட்டு வேற பக்கம் தள்ளி விட்டுட்டான்.

இப்ப ரெண்டாம் பாதிக்கு வருவோம். 41ஆம் பக்கத்துல இருந்து பெரிய வார்த்தைங்க ஆரம்பிக்குது, அங்க தான் வண்டி தடம் புரளுது. இ-ஏ-ஆர் பக்கத்துல வரிசையா இயர், டியர், ஃபியர், நியர், பேர், பேர், டியர்னு ஏழு. முதல் பேர் கரடி, ரெண்டாவது பேர் பேரிக்காய். நாலாங் கிளாஸ் போற ஒரு பிள்ளை சத்தமா வாசிச்சுக்கிட்டே வந்தா, ஃபியர், நியர் வரைக்கும் ராகமா வந்துச்சு, கரடிகிட்ட வந்ததும் நின்னுட்டா. திரும்ப முதல்ல இருந்து வாசிச்சா, திரும்ப அதே எடத்துல நின்னா. "மிஸ், இது சேரல மிஸ்". நான் ஒண்ணும் சொல்லல, அப்படியான்னு மட்டும் கேட்டேன். "புக்குல போட்டிருக்கே மிஸ், அப்ப நான் தான் தப்பா வாசிக்கேனா"ன்னு கேக்குறா, பாவம், கரடியை பியர்னு மாத்தி வாசிச்சுப் பாக்குறா, அப்பவாவது சேருதான்னு. காது சரியா சொல்லுது, புக்கு அதை தப்புன்னு நம்ப வைக்குது. 180 ரூபா குடுத்து வாங்கின புக்கு செய்யிற வேலையா இது.

ஒரு பக்கம் தான் இப்படின்னா அச்சுப் பிழைன்னு விட்டுரலாம். கம், ஹோம், சம், டோம் ஒரே வரிசையில. கவ், நவ், லோ, ஸ்னோ ஒரே வரிசையில. கட், பட், அப்புறம் வைக்கிறதுக்கு சொல்ற புட். லவ், க்ளவ், மூவ். ஹெட், பிரெட், அதோட பாசிமணிக்கு சொல்ற பீட். கேவ், வேவ், அதுல ஹேவ். ஃபைவ், டைவ், அதுல கிவ். எல்லாத்துலயும் ஒரே நோய் தான், கடைசி ரெண்டு மூணு எழுத்து கண்ணுக்கு ஒண்ணா இருந்தா ஒரே பக்கத்துல அடைச்சுட்டான். என் கணிப்பு, யாரோ எக்செல் ஷீட்ல வார்த்தையைப் போட்டு கடைசி எழுத்து வச்சு வரிசைப்படுத்தி, அப்படியே டிடிபிக்கு அனுப்பிட்டாங்க.

கடைசி எழுத்து வச்சு அடுக்குறது ஒண்ணும் புது ஐடியா இல்ல. 1775லயே ஜான் வாக்கர்னு லண்டன்காரர் ஒருத்தர் அப்படி ஒரு அகராதி போட்டார், வார்த்தையை வாலுல இருந்து தலைக்கு அகர வரிசையா அடுக்கி. ஆனா அவரு உச்சரிப்புக்கே பேர் போன ஆளு, எழுத்து ஒண்ணா இருந்தா சத்தமும் ஒண்ணா இருக்கும்னு அவர் நம்பல, சரியான ரைம் எது, போனா போகுதுன்னு ஏத்துக்கலாம்ங்கிற ரைம் எதுன்னு தனியா ஒரு பட்டியலும் சேர்த்தார். இருநூத்தைம்பது வருஷம் முன்னாடி ஒத்த ஆளு கையால செஞ்ச அந்த ரெண்டாவது வேலையைத் தான் இந்த புக்கு போட்டவங்க செய்யல.

இங்கிலீஷ்ல ஏன் இந்த கூத்துன்னு பிள்ளைங்க கேப்பாங்க, சொல்லிடுங்க, தப்பில்ல. கேக்ஸ்டன்னு ஒருத்தர் 1476ல இங்கிலாந்துக்கு அச்சு மிஷின் கொண்டு வந்தாரு, அதுக்கப்புறம் ஸ்பெல்லிங் மெல்ல மெல்ல இறுகிப் போச்சு, ஆனா ஜனங்க வாயி நிக்கல, அந்த சமயத்துல தான் நெடில் சத்தம் எல்லாம் இடம் மாறிக்கிட்டே இருந்துச்சு. டபுள் ஓ போட்ட ஃபூட், குட், பிளட் மூணும் ஒரு காலத்துல ஒரே நெடில் 'ஓ' தான், எழுத்து அப்படியே நின்னுருச்சு, சத்தம் மூணு திசையில பிரிஞ்சு போச்சு. ஓ-யு-ஜி-ஹெச் கதை தெரியும்ல, தோ கோவோட சேரும், த்ரூ டூவோட சேரும், ரஃப் ஸ்டஃபோட, காஃப் ஆஃபோட, மரக்கிளைக்கு சொல்ற பவ் கவ்வோட. அஞ்சுக்கும் வால் எழுத்து ஒண்ணு, சத்தம் அஞ்சு. இந்த புக்குல இதுவும் ஒரே பக்கம் தான், அஞ்சும் ஒரே வரிசை. பக்கத்து மேல "லெட்ஸ் ரைம்!"னு ஒரு குரங்கு கை தட்டுது.

இதுக்கு மறுபக்கம் இன்னும் மோசம், சேர வேண்டியது எல்லாம் சேராம கிடக்கு. ஸ்பெல்லிங் வேற வேறயா இருந்து சத்தம் ஒண்ணா இருக்கிறது தான் இங்கிலீஷ் ரைம்ல சுவாரசியமே. ப்ளூ, ஷூ, டூ, யூ, த்ரூ, பறந்துச்சுன்னு சொல்ற ஃப்ளூ, இந்த ஆறுல ரெண்டு வார்த்தைக்கு கூட வாலோட ஸ்பெல்லிங் ஒத்துப் போகாது, ஆனா கண்ணை மூடிக் கேட்டா எல்லாம் ஒரே குடும்பம். ஃப்ளை, பை, ஐ, ஹை, பை, இதுல முதல் பை சாப்பிடுறது, கடைசி பை கடையில வாங்குறது. ரெட், பிரெட், செட். சன், ஒன், டன். பாக்ஸ், ஃபாக்ஸ், சாக்ஸ். பேர்ட், வேர்ட், ஹேர்ட். இதெல்லாம் புக்குல எங்கயும் ஒண்ணா வரல, ஏன்னா எக்செல்லுக்கு காது கிடையாது. நான் ப்ளூன்னு கத்தினா பிள்ளைங்க சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒண்ணு கத்தணும், எழுதக் கூடாது, இது தான் டியூஷன்ல நடக்கிற விளையாட்டு, அதுல மூணாங் கிளாஸ் பையன் ஒருத்தன் "கேங்கரூ"ன்னு அடிச்சான் பாருங்க, அப்புறம் அடுத்தவன் "ஷாம்பூ", அடுத்தவ "பாம்பூ", நிறுத்தவே முடியல.

இப்ப தமிழ் உச்சரிப்பு கட்டம். அதை எடுத்துட்டு படத்தைப் பெருசா போட்டிருக்கலாம். பூனைக்கும் கேட், வாசல் கதவுக்கும் கேட்னு எழுதியிருக்கான், நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே எழுத்து தானே வரும். இ-டி பக்கத்தைத் திறந்தா பெட் படுக்கை, பெட் பந்தயம், பெட் செல்லப்பிராணி, மேலிருந்து கீழ மூணு பெட். படுக்கைக்கு கடைசியில மெத்துனு ஒரு சத்தம், மத்த ரெண்டுக்கும் கடைசியில வெட்டு விழுற மாதிரி ஒரு சத்தம், அதனால படுக்கை அவங்களோட ரைமே ஆகாது, ஆனா தமிழ் கட்டத்தைப் பாக்குற பிள்ளைக்கு மூணும் ஒரே வார்த்தை. ஈரத்துக்கும் வெட், மாட்டு டாக்டருக்கும் வெட். தமிழ் எழுத்து மேல குத்தம் இல்ல, அது நம்ம சத்தத்துக்கு செஞ்ச எழுத்து, அதுல இங்கிலீஷ் ரைம் சொல்லிக் குடுக்க இழுத்தா இப்படித்தான் ஆகும்.

அர்த்தம் கட்டம் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா அட்டையிலயே "தமிழ் அர்த்தத்துடன்"னு சிவப்புல போட்டுத் தான் விக்கிறாங்க. பேர்ச்சொல் வர்ற வரைக்கும் ஓகே, பாய், எலி, தொப்பி, கோழின்னு போயிருது. மத்ததுல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு அடிச்சு விட்டதுல பாதி அபத்தம். பேட் பக்கத்துல அர்த்தம் வௌவால், படம் கிரிக்கெட் மட்டை. ஃபேர்னா சந்தைன்னு போட்டிருக்கு, பிள்ளைங்க தினமும் சண்டையில கத்துற 'தட்ஸ் நாட் ஃபேர்'ல என்ன சந்தை வருது. மைட்னா வல்லமையாம், வெல்னா கிணறாம், ரெண்டும் தப்பில்ல, ஆனா ரெண்டாங் கிளாஸ் பாடத்துல அந்த அர்த்தத்துல ஒரு தடவையாவது வருமா. உச்சம் எதுன்னா ஸ்பெல்னா மந்திரம். நாங்க நாள் முழுக்க ஸ்பெல் பண்ணு, ஸ்பெல் பண்ணுன்னு கத்துறோமே, பிள்ளை என்ன நெனைக்கும்.

இதைவிட ஆழமான ஓட்டை ஒண்ணு இருக்கு, சில வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம ரைமே சொல்ல முடியாது. டி-இ-ஏ-ஆர் எடுத்துக்கங்க. கண்ணீர்னா அது டியர், ஃபியரோட சேரும். கிழின்னு அர்த்தம்னா டேர், கரடியோட சேரும். எழுத்து ஒண்ணுதான், அர்த்தம் மாறினா சத்தம் மாறுது, சத்தம் மாறினா ரைம் மாறுது. மேல சொன்ன இ-ஏ-ஆர் வரிசையில கடைசியில நிக்கிறது இதுதான், கண்ணீர்னு அர்த்தம் போட்டு கரடிக்கும் பேரிக்காய்க்கும் பக்கத்துல. எல்-இ-ஏ-டி ஈயம்னா ரெட்டோட சேரும், வழிநடத்துன்னா நீடோட சேரும். பி-ஓ-டபிள்யூ வில்லுன்னா கோவோட, குனிஞ்சு வணங்குறதுன்னா கவ்வோட. டபிள்யூ-ஐ-என்-டி காத்துன்னா ஒரு மாதிரி, கடிகாரத்துக்கு சாவி குடுக்கிறதுன்னா ஃபைண்டோட சேரும். ஆர்-இ-ஏ-டி இன்னைக்கு வாசிக்கிறதுன்னா நீட், நேத்து வாசிச்சதுன்னா ரெட். ரைமும் அர்த்தமும் ஒண்ணா சொல்லித் தர்றோம்னு அட்டையில போட்டுட்டு, ரெண்டும் உண்மையிலயே கைகோக்கிற இந்த அஞ்சாறு வார்த்தைக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தா நானே நாலு பிரதி வாங்கி பிள்ளைங்களுக்கு பரிசா குடுத்திருப்பேன்.

பெரிய வார்த்தை பக்கத்துலயும் இதே கண்ணு வேலை தான். இ-ஆர்னு தலைப்பு போட்டு டீச்சர், ஃபார்மர், டிரைவர், சிஸ்டர். கடைசியில எல்லாம் 'அர்'னு முடியுது, நம்ம இயைபுக்கு அது போதும், நம்ம சினிமாப் பாட்டுல அதை வச்சே ஒரு சரணம் ஓட்டிருவாங்க. இங்கிலீஷ்ல போதாது. அங்க விதி என்னன்னா வார்த்தையில எந்த இடத்தை அழுத்தி சொல்றோமோ அந்த உயிர்ச் சத்தத்துல இருந்து கடைசி வரைக்கும் மொத்தமும் ஒண்ணா இருக்கணும், அதுக்கு முன்னாடி இருக்கிற மெய் மட்டும் வேறயா இருக்கணும். டீச்சர்ல அழுத்தம் 'டீ' மேல, அப்ப அதுக்கு ரைம் ப்ரீச்சர். சிஸ்டருக்கு ட்விஸ்டர், டிரைவருக்கு டைவர். பட்டருக்கு லெட்டர் வராது, ஷட்டர் வரும், லெட்டருக்கு பெட்டர் வரும். இதை பிள்ளைகிட்ட விதியா சொன்னா ஓடிப் போயிரும், ஷட்டர்-பட்டர்னு ரெண்டு தடவை சொல்லச் சொல்லுங்க, போதும்.

ஆடியோ பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. மிஷின் குரல், அமெரிக்கன் வாடை. புக்குல டான்ஸ்னு போட்டிருக்கு, ஆடியோ டேன்ஸ்ங்குது. ஆன்ட்டிக்கு சொல்ற ஆன்ட்டும் எறும்பும் ஆடியோல ஒரே சத்தம். அமெரிக்காவுல பல ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க, தப்பு கிடையாது, ஆனா நம்ம ஸ்கூல்ல சொல்லித் தர்றது வேற. ஏபிசிடி பாட்டு ஞாபகம் வருதா, அது 1835ல பாஸ்டன்ல காப்பிரைட் பண்ணின பாட்டு, அவங்க கடைசி எழுத்தை ஸீங்கிறாங்க, பாட்டோட கடைசி வரி மீன்னு முடியும், அழகா ரைம் ஆகும். நம்ம ஊர்ல ஸெட்னு சொல்லிக் குடுத்துட்டு அதே பாட்டைப் பாட வைக்கிறோம், ஸெட் வர்ற வரி மட்டும் ஒட்டாம நிக்கும், யாரும் கவலைப்படுறது இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி ஆறு பக்கம், ஃபன் கார்னர்னு போட்டிருக்கான். ஹோக்கஸ்-போக்கஸ், வாக்கி-டாக்கி, சூப்பர்-டூப்பர், நிட்டி-கிரிட்டி, வில்லி-நில்லி, இப்படி ரெட்டையா வர்ற வார்த்தைங்க. பிள்ளைங்க உடனே பிடிச்சுக்கிட்டாங்க, நாம தான் காபி கீபி, புலி கிலின்னு எல்லாத்துக்கும் ஒரு 'கி' போட்டு ஜோடி சேர்க்கிற ஆளுங்களாச்சே. நமக்கு எந்த வார்த்தைக்கும் கி போட்டா போதும், அவங்களுக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும், அந்த வகையில நாம கெட்டிக்காரங்க. லண்டன் கிழக்குப் பக்கத்து ஜனங்க மாடிப்படிக்கு பதிலா 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்'னும் ஃபோனுக்கு 'டாக் அண்ட் போன்'னும் சொல்றதையும் போட்டிருக்கான், ஸ்டேர்ஸ்-பேர்ஸ், ஃபோன்-போன், ரைம் மட்டும் தான் சம்பந்தம், வேற ஒரு அர்த்தமும் இல்ல. இதைப் படிச்சுட்டு ஒருத்தன் டஸ்டருக்கு என்ன சொல்லலாம்னு ஒரு வாரம் யோசிச்சான்.

ரைமே இல்லாத வார்த்தைன்னும் ஒரு கட்டம் இருக்கு, ஆரஞ்ச், சில்வர், பர்ப்பிள், மந்த். இதுல மந்த்துக்கு நிஜமாவே ஒண்ணும் கிடையாது, ராத்திரி ஒன்பது மணி வாட்ஸப் அம்மாக்கள் கவனிக்க. மத்த மூணுக்கும் தோண்டினா ஏதோ கிடைக்கும், வேல்ஸ்ல ப்ளாரெஞ்ச்னு ஒரு மலையே இருக்கு, சில்வருக்கு சில்வர்னே எழுத வேண்டி வர்ற ஒரு பழைய வார்த்தை இருக்கு, முதல் எழுத்து மட்டும் வேற, பெண் ஆட்டுக்குட்டின்னு அர்த்தம். ஹோம்வொர்க்ல எழுதினா மிஸ் சுழிச்சு விட்டுருவாங்க, அது வேற விஷயம்.

காசு செலவு இல்லாம வேணும்னா, ரைம்ஸோன்னு ஒரு சைட் 1996ல இருந்து ஓடிக்கிட்டு இருக்கு, வார்த்தையைப் போட்டா சத்தம் பாத்து தான் ரைம் குடுக்கும், கரடிக்கு சொல்ற பேர் போட்டா சேர், ஹேர், வேர்னு ஸ்பெல்லிங் பாக்காம கொட்டும். பெரியவங்களுக்கு தான் அது, பிள்ளைகிட்ட அப்படியே குடுக்காதீங்க, கேட்டது ஒண்ணுன்னா நூறு வரும், அதுல பாதி நமக்கே தெரியாத வார்த்தை. உச்சரிப்புல சந்தேகம் வந்தா கேம்பிரிட்ஜ் இல்லன்னா ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஆன்லைன்ல பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டுக்கும் தனித்தனி ஸ்பீக்கர் பட்டன் இருக்கும், ரெண்டையும் அமுக்கிக் கேட்டா முடிஞ்சது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச அப்பாக்களுக்கு ஒண்ணு, கார்னெகி மெலன் யுனிவர்சிட்டி 1,34,000 வார்த்தைக்கு மேல உச்சரிப்பை 39 சத்தமா பிரிச்சு இலவசமா போட்டிருக்கு, அமெரிக்கன் தான், ஆனா அதை வச்சு ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா இந்த புக்கைவிட சரியான வரிசை உங்க வீட்லயே பிரிண்ட் எடுத்துரலாம். இதையே பப்ளிஷரும் செஞ்சிருக்கலாம்ங்கிறது தான் என் ஆத்திரமே.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு ரெண்டரை. எல்கேஜி, யுகேஜி, ஒண்ணாங் கிளாஸ்னா தைரியமா வாங்குங்க, முதல் 40 பக்கமும் கடைசி ஆறு பக்கமும் ஒரு வருஷத்துக்கு வரும். ரெண்டாங் கிளாஸுக்கு மேலன்னா வாங்கிட்டு வந்ததும் பிள்ளை கையில குடுக்காம ஒரு ராத்திரி நீங்க சத்தமா வாசிச்சுப் பாத்து, நாக்கு தடுக்குற வார்த்தையை எல்லாம் பேனாவால அடிச்சிருங்க. ஒரு அம்மா என்கிட்ட கேட்டாங்க, "ஸ்கூல்லயே கம்முக்கு ஹோம்னு எழுதினா ரைட் போடுறாங்களே மிஸ், நாம ஏன் மாத்தணும்"னு. அது சண்டைக்கு போற விஷயம் இல்லக்கா, நோட்டுல அவங்க கேட்டதை எழுதட்டும், வாயில மட்டும் சம்முக்கு கம்னு சொல்லிப் பழக்குங்கன்னேன்.

கடையில கேட்டா பத்து பர்சென்ட் குறைச்சுத் தர்றாங்க, ஆன்லைன்ல அதே விலைக்கு மேல டெலிவரி சார்ஜ் வேற போடுறான். சென்டர் பின் ரெண்டு மாசத்துல லூஸ் ஆகுது, வாங்கின அன்னைக்கே முதுகுல பிரவுன் டேப் ஒட்டிருங்க. இதே செட்ல பார்ட் டூன்னு ஒண்ணு வந்திருக்காம், 220 ரூபா, நான் இன்னும் வாங்கல, யாராவது வாங்கியிருந்தா அர்த்தம் கட்டம் எப்படி இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க.